வடுவின் நீளமும் வால்வின் ஆயுளும்

மலேசியாவின் பேரா மாநிலத்துச் சித்தியவானில் ஒருவருக்கு இதய வால்வு கெட்டுவிட்டது, மாற்ற வேண்டும் என்று தெரிந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, எங்கே போவது என்பது. அந்த வழி பழகிய வழிதான். ஸ்ரீ மஞ்சோங் மருத்துவமனையில் தொடங்கி, ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் காட்டி, கடிதம் வாங்கிக்கொண்டு கோலாலம்பூரிலுள்ள தேசிய இதயக் கழகமான ஐஜேஎன்னுக்கோ பினாங்குக்கோ போவார்கள். இரண்டாவது கேள்வி டாக்டரின் அறையில் வரும். "நெஞ்சப் பொளக்காம, சின்னதா ஓட்டை போட்டே செஞ்சிட முடியாதுங்களா டாக்டர்?"

கேட்பவர் பெரும்பாலும் கூட வந்த மகள், அல்லது அண்ணன். தொண்டைக் குழியிலிருந்து மேல்வயிறு வரை இறங்கும் தழும்பை அவர்கள் யாராவது ஒரு மாமாவின் நெஞ்சில் பார்த்திருப்பார்கள். கைபேசியில் வேறொன்றையும் பார்த்திருப்பார்கள்: தொடையில் ஒரு துளை, மறுநாள் நடக்கும் நோயாளி. இரண்டுமே உண்மை. ஆனால் அந்த இரண்டு பேருக்கும் கெட்டுப்போன வால்வு ஒன்றா, கெட்ட காரணம் ஒன்றா, வயது ஒன்றா என்பதை அந்தப் படம் சொல்வதில்லை. பதில் முழுக்க அதற்குள்தான் இருக்கிறது.

பேராவின் மேற்குக் கரையோரத் தோட்டங்களில் வேலை செய்தவர்களுக்கு வால்வு என்றால் என்னவென்று நீட்டி விளக்க வேண்டியதில்லை. வடிகால் கடலைத் தொடும் இடத்தில் ஒரு கதவு தொங்கும். கடல் வற்றும்போது தோட்டத்துத் தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். கடல் ஏறும்போது அந்த நீரே கதவை அறைந்து மூடிவிடும். ஆள் நின்று திறந்து மூட வேண்டாம். இதயத்தில் இப்படி நான்கு கதவுகள். ஆண்டுக்கு ஏறத்தாழ 4 கோடி முறை அவை திறந்து மூடுகின்றன. கதவு சரியாகத் திறக்காவிட்டால் பின்னால் நீர் தேங்கும். சரியாக மூடாவிட்டால் போன நீர் திரும்பி வரும். இதயத்தில் அந்தத் தேக்கம் நுரையீரல் வரை எட்டும். படியேறினால் மூச்சு வாங்குவது, இரவில் படுக்க முடியாமல் எழுந்து உட்காருவது எல்லாம் அதனால்தான்.

பெரும்பாலும் பழுதாவது இரண்டு வால்வுகள். நுரையீரலிலிருந்து வரும் நல்ல ரத்தம் கீழறைக்குள் இறங்கும் வாசலில் இருப்பது மைட்ரல். அங்கிருந்து உடலுக்குப் புறப்படும் வாசலில் இருப்பது அயோர்ட்டிக். முதுமையில் சுண்ணாம்பு படிந்து இறுகுவது அயோர்ட்டிக் வால்வுதான், அதுவும் பெரும்பாலும் 70 வயதை ஒட்டி. மைட்ரலைச் சுருக்குவதோ பெரும்பாலும் சிறு வயதில் வந்த தொண்டைப்புண். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடலின் காவல்படை, சிலருக்கு ஆள் தெரியாமல் தன் இதயத்தையே தாக்குகிறது. அதுதான் ருமாட்டிக் காய்ச்சல். மூட்டு வலி வந்து போய்விடும்; வால்வில் பட்ட காயம் போகாது. பத்து இருபது ஆண்டுகளில் வால்வின் இரண்டு இதழ்களும் ஓரங்களில் ஒட்டிக்கொண்டு, 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் இருக்க வேண்டிய வாசல் ஒன்றரைக்கும் கீழே சுருங்கும். ஒரே அறையில் ஆறேழு பேர் உறங்கும் வீடுகளில் இந்தக் கிருமி எளிதாகப் பரவும். தோட்டத்து லயங்கள் எப்படி இருந்தன என்று இங்கே உள்ளவர்களுக்குத் தெரியும்.

இந்த மைட்ரல் சுருக்கத்தில்தான் வால்வு அறுவையின் கதையே தொடங்குகிறது. தொடங்கியதும் சிறு துளையில்தான்.

1925இல் லண்டனில் ஹென்றி சௌட்டர் என்ற அறுவை மருத்துவர், துடித்துக்கொண்டிருந்த இதயத்தின் மேலறையில், காது மடல்போல் துருத்திக்கொண்டிருக்கும் சிறு பையில் ஒரு கீறல் போட்டு, தன் ஆள்காட்டி விரலை உள்ளே விட்டார். கண்ணுக்கு எதுவும் தெரியாது. விரல் நுனிதான் கண். வால்வைத் தொட்டுப் பார்த்து, நெகிழ்த்தி, விரலை வெளியே எடுத்துத் தைத்தார். அந்த இளம்பெண் பிழைத்தாள். ஆனாலும் அதன் பிறகு எந்த மருத்துவரும் அவரிடம் இப்படி ஒரு நோயாளியை அனுப்பவில்லை. 1948இல் அமெரிக்காவில் சார்லஸ் பெய்லியும் டுவைட் ஹார்க்கனும் தனித்தனியாக இதே வழியில் வெற்றி கண்ட பிறகே உலகம் விரலை நம்பியது.

தமிழ்நாட்டில் அந்த விரல் அதிகம் உழைத்தது வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில். ஸ்டான்லி ஜானும் அவருடைய சக மருத்துவர்களும் 1983இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 1956 முதல் 1980 வரை இதயத்தைத் திறக்காமல் மைட்ரல் வால்வைப் பிரித்துவிட்ட 3,724 நோயாளிகளின் கணக்கு அது. இடப்பக்க விலா இடுக்கு வழியாகக் கை போகும், இதயம் நிற்காது, பெரிய இயந்திரம் வேண்டாம். ஏழை நாட்டு இளைஞர்களின் நோய்க்கு ஏழை நாட்டு மருத்துவமனை தாங்கக்கூடிய சிகிச்சை. உலக இதய மருத்துவ நூல்கள் இன்றும் அந்த எண்ணை மேற்கோள் காட்டுகின்றன. 'சிறு துளை அறுவை' என்று புதிதாகப் பேசும்போது வேலூரை மறந்துவிடுவது நியாயமில்லை.

விரலால் ஒட்டியதைப் பிரிக்கலாம். நைந்து போனதை எடுத்துவிட்டுப் புதிதாகப் பொருத்த முடியாது. அதற்குக் கண் வேண்டும், வெளிச்சம் வேண்டும், ரத்தமில்லாத அசையாத இதயம் வேண்டும். 1953இல் பிலடெல்பியாவில் ஜான் கிப்பன் இதய நுரையீரல் இயந்திரத்தை ஒரு நோயாளியிடம் வெற்றிகரமாக இயக்கியபோது அது கிடைத்தது. 1960இல் ஆல்பர்ட் ஸ்டார் என்ற இளம் மருத்துவரும், லோவல் எட்வர்ட்ஸ் என்ற ஓய்வுபெற்ற பொறியாளரும் சேர்ந்து கூண்டுக்குள் பந்து வைத்த செயற்கை வால்வை மைட்ரல் வாசலில் பொருத்தினார்கள். நெஞ்சு அகலத் திறக்கப்பட்டதற்குக் காரணம் மருத்துவர்களின் முரட்டுத்தனம் இல்லை. பார்த்துச் செய்ய வேண்டிய வேலை வந்துவிட்டது, அவ்வளவுதான்.

திறந்த அறுவை என்று இன்று நாம் சொல்வது இதைத்தான். நெஞ்சின் நடுவே ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் கீறி, மார்பெலும்பை மேலிருந்து கீழ்வரை ரம்பத்தால் பிளந்து, இரு பக்கமும் விலக்குவார்கள். ரத்தம் இயந்திரத்துக்குத் திருப்பிவிடப்படும். பொட்டாசியம் கலந்த குளிர்ந்த கரைசல் இதயத்தை நிறுத்தும். பழைய வால்வை வெட்டி எடுத்து, படிந்த சுண்ணாம்பைச் சுரண்டி, புதியதை ஒவ்வொரு தையலாகப் பொருத்தி, இதயத்தை மீண்டும் துடிக்கவிட்டு, எலும்பை எஃகுக் கம்பியால் கட்டி மூடுவார்கள். எலும்பு கூட இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை பளு தூக்கக் கூடாது. செம்பனைக் குலை வெட்டும் ஒருவருக்கு மூன்று மாதம் பளு தூக்காமல் இருப்பது என்றால் மூன்று மாதம் வருமானம் இல்லை. ஆகவே சின்னக் கீறலைக் கேட்பவரை அழகுக்காகக் கேட்கிறார் என்று நினைத்துவிடக் கூடாது.

மலேசியாவில் இதய அறுவை மீது பொதுமக்களுக்கு நம்பிக்கை வந்ததற்கு ஒரு தேதி சொல்லலாம். 1989 ஜனவரியில் அன்றைய பிரதமர் மகாதீருக்கு மாரடைப்பு வந்தபோது, அவர் வெளிநாடு போகாமல் கோலாலம்பூர் மருத்துவமனையிலேயே டாக்டர் யாஹ்யா அவாங் குழுவிடம் பைபாஸ் செய்துகொண்டார். வால்வு அறுவை இல்லைதான். நெஞ்சைத் திறக்கும் முறை அதேதான். 1992இல் ஐஜேஎன் தொடங்கியது.

சிறு கீறல் 1996வாக்கில் வந்தது. அமெரிக்காவில் டெலோஸ் காஸ்குரோவ், லாரன்ஸ் கோன் போன்றவர்களும், பிரான்ஸில் அலென் கார்ப்பென்டியேயும் அதற்கு வழி போட்டார்கள். அயோர்ட்டிக் வால்வுக்கு மார்பெலும்பின் மேல் பாதியை மட்டும் பிளக்கும் முறை ஒன்று. எலும்பைத் தொடாமல் வலப்பக்க விலா இடுக்கில் ஐந்தாறு சென்டிமீட்டர் திறந்து, கேமராவும் நீண்ட கருவிகளும் கொண்டு செய்வது இன்னொன்று. மைட்ரல் வால்வுக்கு இந்த இரண்டாவதுதான் வழக்கம்.

இங்கே பல குடும்பங்கள் தவறவிடும் ஒரு செய்தி உண்டு. கீறல் சிறிதானாலும் உள்ளே நடப்பது அதே அறுவைதான். இதயம் நிற்கும். இயந்திரம் ஓடும். நெஞ்சில் இடமில்லாததால் இயந்திரத்தின் குழாய்கள் பெரும்பாலும் இடுப்புக்குக் கீழே தொடை ரத்தக் குழாய்கள் வழியாக ஏற்றப்படும். இடம் குறுகியதால் இதயம் நின்றிருக்கும் நேரம் கூடும். தொடைக் குழாய்கள் அடைத்திருப்பவருக்கும், வால்வோடு பைபாஸும் சேர்த்துச் செய்ய வேண்டியவருக்கும், முன்பு நெஞ்சில் அறுவை ஆனவர்கள் பலருக்கும் இது ஒத்துவராமல் போகலாம். கிடைக்கும் நன்மை என்ன? ரத்த இழப்பு குறையலாம், எலும்பு சீக்கிரம் தேறும் அல்லது எலும்பு உடைபடவே இல்லை, வீட்டுக்குச் சற்று முன்னதாகப் போகலாம்.

எவ்வளவு முன்னதாக? பிரிட்டனின் பத்து மருத்துவமனைகளில் 330 பேரை இரு குழுவாகப் பிரித்து மைட்ரல் வால்வைச் சீர்செய்தார்கள். ஒரு குழுவுக்கு விலா இடுக்கு, மற்றொன்றுக்கு மார்பெலும்பு. 2023இல் முடிவு வெளியானது. மருத்துவமனையில் இருந்தது விலா இடுக்குக் குழு ஐந்து நாள், மார்பெலும்புக் குழு ஆறு நாள். முதல் சில வாரங்களில் நடமாட்டத்திலும் உறக்கத்திலும் சிறு கீறல்காரர்கள் கொஞ்சம் முன்னே இருந்தார்கள். பன்னிரண்டாவது வாரத்தில் உடல் தெம்பில் இரு குழுவும் ஒன்றாகிவிட்டன. வால்வு சரியாக அமைந்த விகிதமும் ஒன்றுதான். அந்த ஆய்வில் கத்தி பிடித்த எல்லாரும் நன்கு கைதேர்ந்தவர்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இந்த முறையில் கை பழக நாளாகும். எத்தனை அங்குலம் என்று கேட்பதைவிட, இதை நீங்கள் ஆண்டுக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள் என்று கேட்பது பயனுள்ளது. எந்த நல்ல மருத்துவரும் அதற்குக் கோபப்பட மாட்டார்.

ரப்பர் மரம் வெட்டியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கோட்டின் நீளம் எல்லார் கையிலும் ஒன்றுதான். கைத்திறன் தெரிவது ஆழத்தில். கத்தி ஒரு மயிரிழை கூட இறங்கினால் மரத்தின் உயிர்த்தோல் காயப்படும், அந்த இடத்தில் புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளரும், அடுத்த சுற்றில் அங்கே பால் எடுக்க முடியாது.

கைபேசியில் பார்த்த தொடைத் துளை இவற்றிலிருந்து வேறு. அதன் பெயர் டாவி. 2002 ஏப்ரல் 16 அன்று பிரான்ஸின் ருவான் நகரில் அலென் கிரிபியே, அறுவை மருத்துவர்கள் கைவிட்ட 57 வயது நோயாளிக்கு முதன்முதலாகச் செய்தார். மாட்டின் இதய உறையால் செய்த வால்வைக் கம்பி வலைக்குள் சுருக்கி, ரத்தக் குழாய் வழியாக மேலேற்றி, பழைய அயோர்ட்டிக் வால்வுக்குள் விரிப்பது இதன் முறை. பழையதை எடுப்பதில்லை, சுவரோடு ஒதுக்கி அழுத்திவிடுகிறது. இதயத்தை நிறுத்த வேண்டாம், இயந்திரம் வேண்டாம், பலருக்கு முழு மயக்கமே வேண்டாம்.

இது ஊருக்குச் சொல்லும் கதையாக இருந்திருந்தால் மருத்துவம் ஏற்றிருக்காது. 2010இல் வெளியான ஆய்வில், திறந்த அறுவையைத் தாங்கவே முடியாத முதியவர்களை எடுத்துக்கொண்டார்கள். ஓராண்டில் வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் 50.7 விழுக்காட்டினர் இறந்தார்கள். டாவி செய்தவர்களில் 30.7. நூற்றுக்கு இருபது உயிர். இதய மருத்துவத்தில் இப்படி ஒரு வித்தியாசம் அடிக்கடி கிடைப்பதில்லை. 2019இல் உடல் திடமானவர்களிடமும் ஆயிரம் பேரை வைத்து ஒப்பிட்டார்கள். முதலாண்டில் டாவி முந்தியது. ஐந்தாண்டு முடிவில் இரண்டும் ஏறக்குறைய சமமாக வந்து நின்றன.

அந்த ஆயிரம் பேரின் சராசரி வயது 73. சித்தியவானை அடுத்த ஆயர் தாவாரிலிருந்து வரும் 32 வயது ருமாட்டிக் நோயாளி அந்தக் கணக்கில் இல்லை. அவருக்குக் கெட்டது மைட்ரல். டாவி வால்வு சுண்ணாம்பு படிந்த வட்டமான அயோர்ட்டிக் வாசலில் இறுகப் பிடித்துக்கொள்ளும். மைட்ரல் வாசல் அகன்றது, வட்டமும் இல்லை, பிடிமானமும் இல்லை. தவிர, டாவி வால்வு திசுவால் ஆனது, காலப்போக்கில் தேயும். இளம் உடலில் திசு வால்வுகள் விரைவாகவே கெடுகின்றன. பேஸ்மேக்கர் வைக்க வேண்டிவரும் வாய்ப்பும் இதில் உண்டு. எழுபத்தைந்து வயதுப் பெரியவருக்கு இவை எல்லாம் தாங்கக்கூடிய விலை. முப்பத்திரண்டுக்கு அப்படியில்லை.

ருமாட்டிக் இளைஞர்களுக்கு உண்மையான சிறு துளை வேறொன்று இருக்கிறது, அதைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறோம். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானிய அறுவை மருத்துவர் கான்ஜி இனோவே ஒரு பலூன் செய்தார். தொடைச் சிரை வழியாக ஏறி, மேலறைகளுக்கு நடுவிலுள்ள சுவரைத் துளைத்து, சுருங்கிய மைட்ரல் வாசலுக்குள் போய், முதலில் நுனி, பிறகு அடி, கடைசியில் நடு என்று மூன்று கட்டமாக அது விரியும். ஒட்டிய இதழ்கள் ஓரத்தில் பிரிந்துவிடும். சௌட்டரின் விரல் செய்த அதே வேலை. அந்தப் பலூன் எதனால் ஆனது? இரண்டு அடுக்கு ரப்பர் பால், நடுவே மெல்லிய வலை. பேராவின் தோட்டங்களில் விடியலுக்கு முன் பெரட்டு என்ற ஆள்கணக்குக்கு நின்று, மங்கு மங்காகப் பால் சேர்த்த கைகளுக்கு இந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. அந்தக் கைகளின் பேரப்பிள்ளைகள் நெஞ்சைத் திறக்காமல் பிழைப்பது பால்மரத்துப் பாலால்.

இதையும் நேருக்கு நேர் ஒப்பிட்டிருக்கிறார்கள், ஹைதராபாத்தில். நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் 60 நோயாளிகளில் பாதிப்பேருக்குப் பலூன், பாதிப்பேருக்குத் திறந்த அறுவை. 1994இல் வந்த மூன்றாண்டு முடிவில் பலூன் குழுவின் வாசல் சராசரி 2.4 சதுர சென்டிமீட்டர், திறந்த அறுவைக் குழுவுக்கு 1.8. சிறு துளை திறந்த அறுவையைத் தெளிவாக வென்ற இடம் இது. ஆனால் இதழ்கள் இன்னும் நெகிழ்வாக இருக்கும்போதே வந்துவிட வேண்டும். தடித்து, சுண்ணாம்பேறி, ரத்தம் பின்னால் கசியத் தொடங்கிவிட்டால் பலூனின் காலம் முடிந்தது. வால்வை மாற்றத்தான் வேண்டும். மூச்சு வாங்குவதை "ரத்தம் கம்மி" என்று இரும்புச்சத்து மாத்திரையோடு தள்ளிப்போடும் ஒவ்வொரு ஆண்டும் இந்த வாசலைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடுகிறது.

மாற்றுவது என்று ஆன பிறகு எந்த வால்வு என்ற கேள்வி வரும். நோயாளியின் அடுத்த முப்பது ஆண்டுகளை எழுதுவது கீறலைவிட இந்த முடிவுதான். திசு வால்வு என்றால் பெரும்பாலோருக்கு நீண்டகால ரத்த உறைவுத் தடுப்பு மருந்து வேண்டாம். ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டில், இளையவர்களுக்கு அதற்கும் முன்பே, மறுபடி மாற்ற நேரலாம். உலோக வால்வு தேயாது. ஆனால் வாழ்நாள் முழுக்க வார்ஃபரின் என்ற உறைவுத் தடுப்பு மருந்து. குழந்தை பெற விரும்பும் இளம்பெண்ணுக்கு இதில் எதுவும் எளிதில்லை. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் வார்ஃபரின் கருவைப் பாதிக்கலாம். நிறுத்தினால் வால்வில் ரத்தம் உறையலாம். திருமணத்துக்கு முன்பே, அந்தப் பெண்ணையே முன்னால் உட்காரவைத்துப் பேச வேண்டிய பேச்சு இது. பல வீடுகளில் அது நடப்பதில்லை.

உலோக வால்வில் நமக்கு நெருக்கமான ஒன்று உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் எம்.எஸ். வலியத்தான் குழுவினர் இந்தியாவிலேயே ஒரு வால்வு செய்ய முனைந்தார்கள். முதல் மூன்று வடிவங்களும் தோற்றன. ஒன்றில் நீலக்கல் தட்டுகூட வைத்துப் பார்த்தார்கள். சோதனையில் அது உடைந்தது. நான்காவதில் கோபால்ட் குரோமியக் கலவைச் சட்டமும், உறுதிமிக்க பாலிஎத்திலீன் தட்டும் நிலைத்தன. 1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். சென்னை டிடிகே குழுமம் அதைத் தயாரித்தது. வெளிநாட்டு வால்வுகளைவிடப் பல மடங்கு மலிவு என்பதால், ருமாட்டிக் நோயோடு வந்த இந்திய ஏழைகள் ஏராளமானோர் நெஞ்சில் அது ஏறியது. அதைப் பொருத்த நெஞ்சைத் திறக்கத்தான் வேண்டும். தொடை வழியாக அனுப்ப அதை மடக்க முடியாது.

உலோக வால்வு வைத்தவர் வீடு திரும்பியதும் வேறொரு வாழ்க்கை தொடங்குகிறது. ரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்பதை ஐஎன்ஆர் என்ற எண்ணால் அளப்பார்கள். மைட்ரல் வாசலில் உலோக வால்வு என்றால் அது 2.5க்கும் 3.5க்கும் இடையில் நிற்க வேண்டும். குறைந்தால் பக்கவாதம், கூடினால் ரத்தக்கசிவு. கீரையில் உள்ள வைட்டமின் கே மருந்தை எதிர்க்கும். அதற்காக முருங்கைக்கீரையை அடியோடு விடச் சொல்லும் பக்கத்து வீட்டு அறிவுரை சரியில்லை; வாரத்துக்கு வாரம் ஒரே அளவாகச் சாப்பிட்டால் மருந்தை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம். சொல்லாமல் சாப்பிடும் நாட்டு மருந்தும் சீன மருந்துக்கடைச் சூரணமும்தான் அதிகத் தொல்லை தருகின்றன. இந்த ரத்தச் சோதனைத் தொல்லை இல்லாத புதிய மாத்திரைகள் பல வந்துவிட்டன. ஆனால் அவற்றில் ஒன்றான டாபிகட்ரானை உலோக வால்வுக்காரர்களிடம் சோதித்த ஆய்வை 2012இல் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. உறைவும் கசிவும் இரண்டுமே கூடின. பழைய வார்ஃபரின்தான் இன்றும்.

மலேசிய அரசு மருத்துவமனைகளில் இதற்கென்று மருந்தாளுநர்கள் நடத்தும் வார்ஃபரின் கிளினிக் இருக்கிறது. நிபுணர் சிகிச்சைக்குக் குடிமக்கள் கட்டுவது 5 ரிங்கிட். அந்தக் காலைப் பொழுதுக்கு இழக்கும் கூலி அதைவிட அதிகம். கீறல் பெரிதா சிறிதா என்று ஐஜேஎன்னில் முடிவெடுக்கும் அன்றே, மாதா மாதம் யார் வண்டியில் ஏற்றிச் சென்று சோதனை எடுப்பார்கள், புத்தகத்தில் எண்ணை யார் எழுதி வைப்பார்கள் என்றும் பேசிவிட்டுத் திரும்பும் குடும்பங்கள் உண்டு. இரவு வீடு அடங்கிய பிறகு, உலோக வால்வு வைத்தவரின் நெஞ்சிலிருந்து சுவர்க்கடிகாரம் போல ஒரு சத்தம் கேட்கும். புதிதாகக் கேட்பவர்கள் பயப்படுவார்கள். சில வாரத்தில் பழகிவிடும். பிறகு அந்தச் சத்தம் மாறினாலோ மங்கினாலோ முதலில் கண்டுபிடிப்பது பக்கத்தில் படுத்திருப்பவர்தான். அப்படித் தோன்றினால் விடியும்வரை காத்திராமல் அவசரப் பிரிவுக்குக் கிளம்ப வேண்டும்.